விசா எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ரத்தம் மட்டும் பாசிட்டிவ். எனக்குக் காசநோயா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு, வணக்கம். எனக்கு வயது 25. சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம். 2023 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க லண்டன் வந்தேன். படிப்பு முடிந்து இப்போது ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் வேலை. ஈஸ்ட் ஹாமில் மூன்று அறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். என் அறைத்தோழனுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருமல். கடையில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனான். போன மாதம் டிபி என்று சொல்லிவிட்டார்கள். பயத்தில் எல்லோரும் அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அவன் தட்டு, தலையணை எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். இப்போது அவன் இல்ஃபோர்டில் தெரிந்தவர் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறான்.

எங்களையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். ரத்தப் பரிசோதனை மட்டும் பாசிட்டிவ். மூன்று மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் நர்ஸ். விசாவுக்காகச் சென்னையில் எடுத்த எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. பிறந்ததும் பிசிஜி ஊசியும் போட்டிருக்கிறது. அப்புறம் எப்படி வந்தது? எனக்கு இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. எதற்கு மாத்திரை? விசாவுக்குப் பிரச்சினை வருமா? ஊரில் பெண் பார்க்கிறார்கள், அம்மாவிடம் சொல்லலாமா? தாத்தா நான் ஆறாவது படிக்கும்போது கபம் கட்டி இருமி இருமித்தான் இறந்தார். அம்மாவுக்கு இருமல் என்றாலே பயம். குளிருக்காக அறை ஜன்னலை டேப் ஒட்டி மூடி வைத்திருக்கிறோம், அதனால் கிருமி உள்ளேயே இருக்குமா என்றும் பயமாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை அக்கா.

(பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்குப் பதில். உங்களுக்குக் காசநோய் இல்லை. உங்களிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் போகலாம், சிநேகிதர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். காசநோய்க் கிருமி எப்போதோ உங்கள் உடம்புக்குள் நுழைந்திருக்கிறது. உடம்பு அதை வளைத்துப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. அவ்வளவுதான். மருத்துவத்தில் இதை லேட்டன்ட் டிபி என்பார்கள். கிழக்கு லண்டனில் பல வருடமாகக் காசநோய் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். நம்மவர்கள் வந்தால் ‘தூங்குகிற டிபி’ என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

அந்த ரத்தப் பரிசோதனை என்ன செய்கிறது தெரியுமா? உங்கள் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் சில புரதங்களோடு கலந்து ஓர் இரவு வைப்பார்கள். இந்தக் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் அதில் இருந்தால், அவை அடையாளம் கண்டு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதை அளந்துதான் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறார்கள். சந்தித்தது போன மாதமா, பதினைந்து வருடத்துக்கு முன்பா என்று அந்த ரத்தத்துக்குச் சொல்லத் தெரியாது. பிசிஜி ஊசியால் இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆகாது. கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் பழைய மான்டூ பரிசோதனையில்தான் அந்தக் குழப்பம் உண்டு. ஊசி போட்டும் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். பிசிஜி சின்னக் குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடுமையான வகைகளிலிருந்து காக்கிற நல்ல ஊசி. இருபத்தைந்து வயது நுரையீரலுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

அடுத்து, சென்னையில் எடுத்த எக்ஸ்ரே. அதில் தவறு எதுவும் இல்லை. நுரையீரலில் நோய் மூண்டிருக்கிறதா, விமானத்தில் பக்கத்தில் உட்கார்பவருக்குத் தொற்றுமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஒரு காலத்தில் இங்கே வந்து இறங்கிய பிறகு ஹீத்ரோ விமான நிலையத்திலேயே அந்தப் படத்தை எடுத்தார்கள். 2012-லிருந்து, காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள் கிளம்பும் முன்பே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மாற்றினார்கள். தூங்குகிற கிருமி அந்தப் படத்தில் தெரியாது. நம் பிள்ளைகள் பலர் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், இனி வாழ்நாளுக்கும் டிபி பற்றி நினைக்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு இருமல் வந்தாலும், ‘அதான் விசாவுக்கே பார்த்தாச்சே’ என்று இருந்துவிடுகிறார்கள். உங்கள் நண்பரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளினிக்கில் இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை.

இப்போது உங்கள் ஊரைப் பற்றி. ஊர் என்றால் ஈஸ்ட் ஹாம். அது இருக்கிற நியூஹாம் பகுதியில் 2010-களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு நூறு பேருக்கு மேல் ஆண்டுதோறும் காசநோய் கண்டது. பணக்கார நாட்டின் தலைநகரத்தில் இந்த எண்ணிக்கை. 2011-இல் லண்டன் முழுவதும் ஏறக்குறைய 3,500 பேர். அதன் பிறகு பத்து ஆண்டில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. கிளம்பும் முன்பே சொந்த நாட்டில் எக்ஸ்ரே எடுப்பது, வந்தவர்களைக் கூப்பிட்டுத் தூங்குகிற டிபியைத் தேடுவது, நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்த் தொடர்புள்ளவர்களைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களைத் தேடி எக்ஸ்ரே வண்டியே போகிறது. பிறகு அந்த இறக்கம் நின்று மறுபடி ஏறியது. 2024-இல் இங்கிலாந்து முழுக்க 5,400 பேருக்கு மேல். முந்தைய ஆண்டைவிட 13 சதவீதத்துக்கு மேல் அதிகம். ஐந்து பேரில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பிறந்த நாடுகளின் பட்டியலில் முதலில் நிற்பது இந்தியா. லண்டனில் லட்சத்துக்கு இருபது பேர் அளவில் வருகிறது. நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்கு. என் கிளினிக் வாசலில் காத்திருக்கும் முகங்களைப் பார்த்தால் முக்கால்வாசி இருபதிலிருந்து நாற்பதுக்குள்.

இந்த எண்களை வைத்து ‘வந்தவர்கள் கொண்டுவந்த நோய்’ என்று பேசுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒருபோதும் பிடித்ததில்லை. 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான காசநோயாளிகள் 1,17,000-க்கும் மேல். அன்றைக்கு நெருக்கடியான வீடும் பட்டினியும் இந்த நாட்டுக்காரர்களுக்கு இருந்தன, நோயும் இருந்தது. வீடு நல்லதாயிற்று, சாப்பாடு நல்லதாயிற்று, மருந்து வந்தது, நோய் குறைந்தது. நாம் வருகிற நாடுகளில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. உலகத்தின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அங்கே வளர்ந்த ஒருவர் சின்ன வயதிலேயே அந்தக் கிருமியை மூச்சில் வாங்கியிருப்பதில் ஆச்சரியமும் இல்லை, அவமானமும் இல்லை.

சரி, சின்ன வயதில் வாங்கிய கிருமி ஏன் இங்கே வந்து விழிக்கிறது? தூங்குகிற டிபி உள்ள நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக மாறும். அதில் பாதி, கிருமி உள்ளே போன முதல் சில வருடங்களிலேயே நடந்துவிடும். மிச்சம் எப்போது வேண்டுமானாலும். உடம்பு தளர்கிற சமயம் பார்த்து அது எழுந்திருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு அபாயம். புகைபிடித்தால் அபாயம். சாப்பிடாமல் உடம்பு வற்றினால் அபாயம். புதிதாக வந்த பையன்களின் வாழ்க்கையை நான் தினமும் பார்க்கிறேன். இரவு ஷிப்ட், பகலில் அரைகுறைத் தூக்கம், காலையில் ஒரு காபி, நடுராத்திரியில் ஒரு பாக்கெட் சிப்ஸ். வாடகையை மிச்சம் பிடித்து ஊரில் வாங்கிய கடனைக் கட்டவேண்டும் என்று ஒரே அறையில் மூன்று மெத்தை. ஒருவருக்கு நோய் எழுந்தால் மற்ற இருவருக்கும் அதே காற்று. அதனால்தான் வந்து முதல் சில வருடங்கள் ஆபத்தான காலம். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். அதோடு நோய் முற்றிய ஒருவரோடு ஒரே அறையில் இரண்டு மாதம் படுத்திருக்கிறீர்கள். நர்ஸ் மாத்திரை சாப்பிடச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கும். கூடவே நரம்புக்காக ஒரு பி6 வைட்டமின். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில், மூன்று மாதம். இரவு ஷிப்ட்காரர்களுக்கு நான் சொல்வது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போடுங்கள். குளித்துவிட்டுப் பிறகு சாப்பிடுங்கள். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஒரு பையன் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து விடியற்காலையில் அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்தும் பயத்தில் மறந்துவிட்டது. வியர்வையும் கண்ணீரும்கூட லேசாக நிறம் மாறும், கான்டாக்ட் லென்ஸில் கறை பிடிக்கும். அதெல்லாம் மருந்தின் நிறம்தான், ஒன்றும் செய்யாது.

கவனிக்க வேண்டியது கல்லீரலை. மாத்திரை தொடங்கும் முன் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வாந்தி நிற்காமல் வந்தால், கண் மஞ்சளானால், உடம்பெல்லாம் அரித்தால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ கூடாது. இந்த மூன்று மாதம் பீர்கூட வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம், சூரணம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். இதைப் படிக்கிற பெண்களில் யாராவது இந்த மருந்து சாப்பிடுவதாக இருந்தால், கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், நர்ஸிடம் வேறு வழி கேளுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தால் நோய் எழும் வாய்ப்பு பத்துக்கு ஆறிலிருந்து ஒன்பது பங்கு குறைகிறது. உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் இன்றே தொடங்கச் சொல்லியிருப்பேன்.

விசா. இங்கே காசநோய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் யாரிடமும் காசு வாங்குவதில்லை. விசா இருப்பவர், முடிந்துபோனவர், காகிதமே இல்லாதவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய விசா காட்ட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. நோய் கண்டவரின் விவரத்தைச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது மருத்துவரின் கடமை. அது நோய் எங்கே பரவுகிறது என்று கண்காணிப்பதற்காக. டிபி வந்தது என்பதற்காக மட்டும் யாருடைய விசாவையும் வெட்டுவதில்லை. நீங்கள் நாளை ஊருக்குப் போய் மறுபடி விண்ணப்பித்தாலும் அவர்கள் பார்க்கப் போவது நெஞ்சு எக்ஸ்ரேயைத்தான். உங்கள் ரத்தப் பரிசோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாணவர் விசாவில் இருந்து நோயே வந்துவிட்டவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வாரம் வகுப்புக்குப் போகாமல் பேசாமல் இருந்துவிட்டால் வருகைப் பதிவால் சிக்கல் வரும். முதல் வாரத்திலேயே கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கிப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒளித்து வைத்ததால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னதால் மாட்டிக்கொண்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் நண்பர். கடிதத்தில் ‘நானும்தான் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எழுத உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அதனால்தான் இதை வளர்த்தியே எழுதுகிறேன்.

காசநோய் தட்டில் வராது, தலையணையில் வராது, துணியில் வராது, கை குலுக்கினால் வராது. நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கிற நுண்துளியை, மூடிய அறையில், மணிக்கணக்கில், நாள்கணக்கில் சுவாசித்தால் வரும். நீங்கள் குப்பையில் போட்ட தட்டு ஒரு பாவமும் செய்யவில்லை. டேப் ஒட்டிய அந்த ஜன்னல்தான் செய்தது. காற்று ஓடாத அறையில் அந்தத் துளிகள் வெகு நேரம் மிதக்கும். காற்று ஓடினால் கலைந்துபோகும். நண்பர் போய் ஒரு மாதம் ஆன அறையில் இப்போது கிருமி உட்கார்ந்துகொண்டிருக்காது, அந்தப் பயத்தை விடுங்கள்.

அவர் மருந்து தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரண டிபியாக இருந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டு இரண்டு வாரம் போனாலே பெரும்பாலும் பிறருக்குத் தொற்றும் நிலை தாண்டிவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அவரிடமிருந்து பரவ வேண்டியது பரவியது அந்த இரண்டு மாத இருமலில், நீங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நாட்களில். வெளியே அனுப்பிய நாளில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இல்ஃபோர்டில் அந்த ஹாலில் இருப்பவர்களுக்குத்தான் புதிதாக ஓர் அபாயத்தை உண்டாக்கினீர்கள். இதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயந்தவர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

இதில் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. 1950-கள் வரை காசநோய் என்றால் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கென்றே உள்ள தனி மருத்துவமனையில், கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும், குடும்பத்தோடு வைத்திருந்தால் எல்லோருக்கும் பரவும் என்றுதான் உலகம் முழுவதும் நம்பினார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. லண்டனிலிருந்து போன வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைச் சானடோரியத்தில் மருந்தோடு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் கொடுத்து வைத்தார்கள். மறு பாதியை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயே இருக்க விட்டு, அதே மருந்தை மட்டும் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டதும் குறைவு, ஓய்வெடுத்ததும் குறைவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதைவிட முக்கியமானது, வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் மனைவி மக்களுக்கு மற்றவர்களின் குடும்பத்தைவிட அதிகமாக நோய் வரவில்லை. 1959-இல் அந்த ஆய்வின் முதல் முடிவு வெளியானது. அதன் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் தேவையற்றுப் போயின. இன்று லண்டனில் நான் ஒருவரிடம் ‘வீட்டுக்குப் போங்கள், மாத்திரையை விடாதீர்கள்’ என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால், சேத்துப்பட்டுக்கு நடந்து வந்து மாத்திரை வாங்கிப்போன அந்த ஜனங்கள்தான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் லண்டனில் ஒருவனை வீட்டை விட்டு அனுப்பியதைப் படித்தபோது வருத்தமாகவும் இருந்தது.

ஆகவே அவரைக் கூட்டிவரப் பாருங்கள். அவருடைய நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டிவாருங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்ற பரிசோதனை முடிவு அவரிடம்தான் இருக்கும். வீட்டில் கைக்குழந்தையோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் மட்டும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அவருக்கு ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாவது மாதத்தில் காய்ச்சல் போய், பசி எடுத்து, எடை ஏறி, ‘அதான் நல்லாயிட்டேனே’ என்று தோன்றும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். பிறகு சிகிச்சை நீளும், மருந்துகளும் கடுமை. ஹாலில் படுத்துக்கொண்டு, மாத்திரைப் பையை யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதம் முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே சில நோயாளிகள் மாத்திரை விழுங்குவதைப் போனில் வீடியோ எடுத்துத் தினமும் நர்ஸுக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு அப்படி ஏற்பாடு இருந்தால், கூட உட்கார்ந்து போனைப் பிடிக்க ஒரு ஆள் இருப்பது பெரிய உதவி. வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் நர்ஸிடம் சொல்லுங்கள். தங்குமிடம் இல்லாதவருக்குச் சிகிச்சை முடியும்வரை இடம் தேடித் தருவதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

இன்னும் ஒன்று. உங்கள் ரத்தத்தில் உள்ளது அவர் கொடுத்ததுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘கபம் கட்டி இருமி இருமி’ என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி காசநோயாக இருந்திருக்கும். சயம், எலும்புருக்கி என்று பெயர் சொன்னால் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று கபமாக்கிவிடுவார்கள். ஆறாவது படிக்கிற பேரன் தாத்தா பக்கத்தில் படுத்திருப்பான். அப்போதே உள்ளே போயிருக்கலாம். இந்த அறையில் போயிருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். சிகிச்சை ஒன்றுதான்.

அதனால் அம்மாவிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், சொல்லுங்கள். ‘எனக்கு நோய் இல்லை, வராமல் இருக்க மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று அந்த வாக்கியத்தோடே தொடங்குங்கள். அப்புறம், தாத்தாவுக்கு என்ன நோய் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார் என்று கேளுங்கள். தாத்தாவைப் பார்த்துக்கொண்டது அம்மாவாகத்தான் இருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் ஆயிரம் ரூபாய் அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது. தமிழ்நாட்டில் 2022-லிருந்து, உடம்பு மிகவும் நலிந்த காசநோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றும் திட்டமும் நடக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய பயத்தோடு அம்மா இருக்க வேண்டியதில்லை.

பெண் வீட்டாரிடம் அறிவிக்க வேண்டிய நோய் எதுவும் உங்களுக்கு இல்லை. உலகத்தில் நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி உள்ளே இருக்கிறது என்பது மதிப்பீடு; உங்களைப் பார்க்க வருகிற பெண் வீட்டிலும் இருக்கலாம். நிச்சயமான பிறகு அந்தப் பெண்ணிடம் நீங்களே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள் என்பது என் தனிப்பட்ட யோசனை. ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் போன கதையைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்க முடிகிற மனிதரோடு வாழ்க்கை சுலபம்.

உங்கள் வீட்டில் மற்ற நான்கு பேர்? எல்லோரும் ரத்தம் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஷிப்டை விட முடியாது என்று யாராவது போகாமல் இருந்தால் இழுத்துக்கொண்டு போங்கள். முதல் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும், கடைசியாக நோயாளியோடு இருந்த நாளிலிருந்து ஆறு எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லக்கூடும். ரத்தத்துக்கு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு நாள் ஆகும். அப்புறம், டிபி என்றால் இருமல் மட்டும் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்குக் கழுத்தில் கட்டியாக வருவது மிகவும் சகஜம். வலிக்காது, இருமல் இருக்காது, எக்ஸ்ரேயும் பல நேரம் சுத்தமாக இருக்கும். ஒரு பெண் எட்டு மாதம் அந்தக் கட்டியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மருத்துவர் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சிலருக்கு முதுகெலும்பில் வரும், வேலையில் பாரம் தூக்கிய வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறவர்கள்தான் பாதிப்பேருக்கும் மேல். இந்த நாட்டு ஜி.பி. பலர் வருடத்தில் ஒரு டிபி நோயாளியைக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்குச் சட்டென்று தோன்றாது. அதனால் உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘நான் இந்தியாவில் வளர்ந்தவன், டிபி உள்ளவரோடு ஒரே வீட்டில் இருந்தேன், டிபி பரிசோதனை செய்யுங்கள்.’ இலங்கையிலிருந்து வந்தவர்களும் அப்படியே சொல்லலாம். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசில்லாமல் ஏற்பாடு செய்வார்கள்.

இன்று ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அந்த ஜன்னல் டேப்பைப் பிரித்துவிடுங்கள். குளிரும், தெரியும், பகலில் அரை மணி, இரவில் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும். அப்புறம் இல்ஃபோர்டுக்குப் போன் போடுங்கள். போகும்போது ஒரு புதுத் தலையணை வாங்கிக்கொண்டு போங்கள். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆனதும், உங்கள் கல்லீரல் பரிசோதனை முடிவையும் நண்பரின் எடை எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.